வாயின் நலமே உடலின் நலம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி, இஷாத் தொழுகைக்குப் பின் நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில், நம் மஹல்லாவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். உறுப்பினர் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

 

ஆண்டறிக்கை, வரவு செலவு, கட்டட நிதி ஆகியவற்றுக்கு நடுவே பல்லைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்த கமிட்டியாருக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். "பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகப் போகிறோம். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் எண்ணக்கூடும். வலித்த பிறகு போவதே நம் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தால் இழப்பது பல்லை மட்டுமன்று. சிலர் நாவை இழக்கிறார்கள், சிலர் தாடையை இழக்கிறார்கள், சிலர் உயிரையே இழக்கிறார்கள் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன். உரையின் முடிவில் இந்த ஜமாஅத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கவிருக்கிறேன். அவற்றுள் ஒன்று சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் பொறுமையுடன் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நமக்குக் கிடைத்த பாரம்பரியம்

வாய்த் தூய்மையை நாம் யாரிடமும் புதிதாகக் கற்கவேண்டிய சமுதாயம் அன்று. தம் சமுதாயத்தினருக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாதிருப்பின் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. உலக வாழ்வின் இறுதி வேளையில்கூட அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கை அவர்கள் விரும்பி நோக்கியதையும், அதை ஆயிஷா (ரலி) அவர்கள் மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததையும் ஹஜ்ரத் அவர்கள் ஜும்ஆ பயானில் கூற நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

மிஸ்வாக் குச்சி தரும் மரத்தைத் தாவரவியலார் சால்வடோரா பெர்சிகா என்பர். பழந்தமிழில் அதற்கு 'உகாய்' என்று பெயர். அராபியப் பாலைக்கு மட்டும் உரிய மரம் அன்று அது. தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் வளர்வது. மிஸ்வாக் போன்ற பல்குச்சிகள் புழக்கத்திலுள்ள நாடுகளில் அவற்றின் பயன்பாட்டை ஊக்குவிக்கலாம் என்று 1980களில் உலக சுகாதார நிறுவனமும் கூறியது. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பது நம் தமிழ் மண்ணின் பழமொழி. ஆக, மார்க்கமும் மண்ணும் ஒரே பாடத்தையே நமக்குக் கற்பித்துள்ளன.

அதோடு நில்லாமல், உளூவின்போது மும்முறை வாய் கொப்பளிக்கிறோம். ஐவேளைக்கும் உளூச் செய்பவர் ஒரு நாளில் 15 முறை வாய் கொப்பளிக்கிறார். உலகில் வேறெந்தச் சமுதாயத்திற்கும் எளிதில் வாய்க்காத ஒழுங்கு இது.

அப்படியானால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் பல் மருத்துவமனைகள் மாலை நேரத்தில் நிரம்பி வழிவது ஏன்? ஐவேளையும் தவறாத பெரியவரின் ஈறு வீங்கிச் சீழ் வடிவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் நாம் நகர இயலாது.

கொப்பளிப்பு மட்டும் போதாமை ஏன்?

நம் வாயில் ஏறத்தாழ 700 வகை நுண்ணுயிரிகள் வாழக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் உண்ட உணவின் எச்சத்தோடு சேர்ந்து, பல்லின்மேல் பிசுபிசுப்பான ஒரு படலமாக அவை படிகின்றன. நாவினால் தடவிப் பார்த்தால் காலையில் பல்லின்மேல் வழவழப்பாகத் தெரிகிறதே, அதுதான் அப்படலம். தண்ணீர் உணவுத் துகளைக் கழுவும், இப்படலத்தைக் கழுவாது. அதைத் தேய்த்தே நீக்கவேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் மட்டும் தூய்மையாகிவிடுமா? துலக்கினால்தானே போகும்!

இப்படலத்தை நீக்காமல் விட்டால் இரண்டு வழிகளில் கேடு விளைகிறது.

முதலாவது, சொத்தை. படலத்திலுள்ள சில கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல். அத்தகைய எனாமலையும் இவ்வமிலம் கரைக்கத் தொடங்குகிறது. இனிப்புப் பண்டம் ஒன்றைச் சுவைத்தபின் இந்த அமிலத் தாக்குதல் ஏறக்குறைய அரைமணி நேரம் நீடிக்கும். பின்னர் உமிழ்நீர் அமிலத்தை முறித்து, இழந்த சுண்ணத்தை மெல்ல மெல்லப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைக் காட்டிலும், எத்தனை தடவை உண்டோம் என்பதே பல்லுக்குப் பெரிய கணக்கு. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் காலை 10 மணிக்கு ஒரு தேநீர், மாலை 4 மணிக்கு ஒரு தேநீர், இடையிடையே பிஸ்கட், வீடு திரும்பியதும் மீண்டும் தேநீர் என்று அருந்தினால், அவருடைய பல் நாள் முழுவதும் அமிலத்தில் ஊறிக்கொண்டே இருக்கிறது. உமிழ்நீருக்குப் பழுதுபார்க்க ஓய்வே கிடைப்பதில்லை.

இரண்டாவது, ஈறு நோய். நீக்கப்படாத படலம் சில நாட்களிலேயே சுண்ணம் ஏறிக் காரையாக இறுகுகிறது. காரை ஈற்றை உறுத்துகிறது. ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இரத்தம் வருகிறதே என்று அஞ்சிப் பலர் அவ்விடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகின்றனர். அதுவே நோயை வளர்க்கும் செயல். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்குகிறது. இந்நோய்க்குப் பெரும்பாலும் வலி இராது. வலியின்றி வளர்வதே இதன் ஆபத்து. சொத்தையே இல்லாத முத்துப் போன்ற பற்கள் நாற்பது வயதில் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்வது இதனால்தான். 'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். பல்லோடு மெல்லும் ஆற்றலும், உண்ணும் உணவின் வகையும், முதியவரின் உடல் தெம்பும் சேர்ந்தே போகின்றன.

உலகில் 350 கோடி மக்கள் ஏதேனும் ஒரு வாய் நோயோடு வாழ்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை தெரிவிக்கிறது. மனித குலத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர்! தடுக்கக்கூடிய நோய்களில் இவ்வளவு பரவலான நோய் வேறு இல்லை எனலாம்.

வாயிலிருந்து உடலுக்கு

வாயைத் தனி அறையாக எண்ணிவிடவேண்டாம். அது வீட்டின் தலைவாசல். வாசலில் நோய் தங்கினால் உள்ளே இருப்போர் அனைவரும் துன்புறுவர்.

முதலில் சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்றும், தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு அது உண்டு என்றும் அவ்வாய்வு கூறியது. அதாவது, ஏழு பேர் கொண்ட ஸஃப்பில் ஒருவர். இந்த மஹல்லாவில் அக்கணக்கு குறைவாக இருக்கும் என்று நம்புவதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு நோய் எளிதில் பற்றுகிறது. ஈறு நோய் உள்ளவருக்குச் சர்க்கரை எளிதில் கட்டுக்குள் வருவதில்லை. இது இருவழிப் பாதை. ஈறு நோய்க்கு முறையான சிகிச்சை அளித்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் ஏறக்குறைய 0.4 புள்ளி குறைகிறது என்று 2022இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வு காட்டுகிறது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் மாத்திரைகளோடு சேர்ந்து இத்தகைய குறைவும் கிட்டுமாயின் அது பெரும் நன்மையே. ஆகவே சர்க்கரைக்கு மருந்து உண்ணும் ஒவ்வொருவரும் கண்ணையும் பாதத்தையும் சோதிப்பதுபோல் ஆண்டுக்கு இருமுறை ஈற்றையும் சோதிக்கவேண்டும்.

அடுத்து இதயம். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று நேரடியாகப் பிறக்கிறதா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஆராய்ந்து வருகின்றனர். எனினும், இதய வால்வு மாற்றப்பட்டவர்களுக்குப் பல் கிருமி இரத்தத்தில் கலந்து வால்வைத் தாக்கும் அபாயம் உண்டு என்பது உறுதி. அத்தகையோர் பல் பிடுங்குவதற்கு முன் தம் இதய நோயைப் பல் மருத்துவரிடம் கூறியே ஆகவேண்டும்.

கருவுற்ற தாய்மார்களுக்கு ஈறு வீக்கம் இயல்பாகவே மிகும். "கர்ப்பத்தில் பல்லுக்கு வைத்தியம் கூடாது" என்று மாமியார்கள் தடுப்பதைக் காண்கிறோம். அது சரியன்று. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பல் சிகிச்சைக்கு மிகவும் ஏற்ற காலம். கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

மற்றுமோர் எச்சரிக்கை. சொத்தைப் பல்லின் அடியில் சீழ் கட்டி, வீக்கம் தாடைக்கும் கழுத்துக்கும் இறங்கினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், அது பல் வலி அன்று, உயிருக்கு ஆபத்து. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

பாக்கும் புகையிலையும்

இனி, நான் சொல்லவந்தவற்றுள் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, இந்தியாவில் அவ்வாண்டு புதிதாக வாய்ப்புற்றுக்கு ஆளானோர் சுமார் 1,43,000 பேர். அதனால் இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்கே. மேலை நாடுகளில் இந்நிலை இல்லை. இங்கு மட்டும் ஏன்? வாயில் அடக்கி மெல்லும் புகையிலையும், பாக்கும், பீடியுமே தலையாய காரணங்கள்.

"நான் புகையிலை போடுவதில்லை ஹஜ்ரத், வெறும் பாக்குத்தான்" என்று சொல்வோர் நம்மில் மிகப்பலர். அவர்கள் இதை அறிந்துகொள்ளவேண்டும்: புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று அதே நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் ஐயத்திற்கிடமின்றி அறிவித்துவிட்டது. பாக்கை இடைவிடாமல் மெல்வோரின் கன்னத்தின் உட்சதை சிறிது சிறிதாக நாராகி இறுகுகிறது. முதலில் காரம் பொறுக்காது, வாய் எரியும். பின்னர் வாய் திறப்பு குறையும். ஆரோக்கியமான ஒருவர் தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடியும். இரண்டு விரல்கூட நுழையாதென்றால் நோய் முற்றியுள்ளது என்று பொருள். இருபது வயது கடந்த இளைஞர்கள் வாய் திறந்து ஒரு கவளம் உண்ண முடியாமல் வருவதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. இறுகிய சதையை முன்போல் ஆக்கும் மருந்து இல்லை. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு அதுவே பின்னாளில் புற்றாக மாறுகிறது.

நம் பகுதியின் தொழில் நிலையையும் எண்ணிப்பாருங்கள். 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த இப்பகுதியில் தோல் தொழில் ஒருபுறம். வேலூர், குடியாத்தம் வட்டாரங்களில் பீடித் தொழில் மறுபுறம். பீடி சுற்றும் வீடுகளில் புகையிலை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளில், நாற்றத்தை மறக்கவும் அசதியைப் போக்கவும் பொட்டலப் பாக்கை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிரிவில் வேலை செய்வோருக்கு மற்றொன்றும் கூறுவேன். கந்தக அமிலப் புகையை நெடுநாள் சுவாசிக்கும் மின்கலத் தொழிலாளர்களின் முன்பற்கள் தேய்ந்து போவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. ஆதலின் அமிலம் கலக்கும்போது முகக்கவசத்தைத் தவறாது அணியுங்கள். வேலை முடிந்ததும் வாயைத் தண்ணீரால் நன்கு கொப்பளியுங்கள்.

சட்டமும் உறங்கவில்லை. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992லேயே தடை செய்தது. பள்ளி, கல்லூரிகளிலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குட்காவையும் பான் மசாலாவையும் தமிழக அரசு 2013இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடை ஆணையை ரத்து செய்தபோதிலும், அதே ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. எனினும் சட்டம் கடைவீதி வரைதான் வரும். வாய்க்குள் வருவது நம் மனக்கட்டுப்பாடு ஒன்றே.

கண்ணால் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்

இதுவரை அச்சமூட்டும் செய்திகளைச் சொன்னேன். இனி நம்பிக்கையூட்டும் செய்தியைச் சொல்கிறேன். நுரையீரலிலோ கணையத்திலோ வரும் புற்றைக் காணப் பெரும் கருவிகள் வேண்டும். வாய்ப்புற்றைக் காண ஒரு விளக்கும் பயிற்சி பெற்ற இரண்டு கண்களும் போதும். அது வரும் முன்னரே வெண்படலமாகவோ செம்படலமாகவோ அறிகுறி காட்டிவிடுகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. 35 வயதைக் கடந்த சுமார் 1,90,000 பேர் அதில் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் சோதித்தனர். 2005இல் முடிவு வெளியானபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கவனியுங்கள்: புதிய மருந்து எதுவும் அங்கே தரப்படவில்லை. நோயை முன்கூட்டியே பார்த்தார்கள்; அவ்வளவே.

நம் தொழிலிலிருந்தே உவமை சொல்கிறேன். தோல் வந்து இறங்கியதும் நம்மவர்கள் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவி, பழுது பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். பச்சைத் தோலில் கண்ட பழுதுக்கு வழி உண்டு. முடிந்த தோலில் கண்ட பழுதுக்கு வழி இல்லை என்பதை இங்குள்ள சிறுவனும் அறிவான். ஆட்டுத் தோலுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நம் வாய்க்குள் இருக்கும் தோலுக்குக் காட்டவேண்டாமா?

மாதம் ஒருமுறை, வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று பாருங்கள். உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், நாவின் மேல், நாவின் இரு ஓரங்கள், நாவின் அடி, அண்ணம் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் வலியற்ற கட்டி, விழுங்குவதில் தடை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் மருத்துவரை நாடுங்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் அது வலிப்பதே இல்லை.

தமிழக அரசு 2023 நவம்பரில் ஒரு புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தை முதற்கட்டமாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. ஈரோடு, கன்னியாகுமரி ஆகியவற்றோடு நம் திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் அந்நான்கில் அடங்கும். வாய்ப் பரிசோதனை அத்திட்டத்தின் ஓர் அங்கம். அரசு நம் வாசலுக்கு வந்து அழைக்கும்போது நாம் கதவைத் திறக்கவேண்டாமா? பணியாளர் அழைப்பிதழ் தந்தால் அதை அலமாரியில் வைத்துவிடாமல் குறித்த நாளில் சென்று வாருங்கள். நோய் கண்டறியப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு வழி உண்டு. அருகில் வேலூர் சி.எம்.சி. உண்டு, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உண்டு, சென்னையில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிலையம் உண்டு.

பழக்கத்தை விட விரும்புவோர் தேசியப் புகையிலைத் தவிர்ப்பு உதவி எண்ணான 1800 11 2356ஐ இலவசமாக அழைக்கலாம். ரமளானில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பாக்கும் பீடியும் இன்றி இருக்க முடிகிற நம்மால் ஷவ்வாலிலும் இருக்க முடியும் என்பதே என் உறுதியான நம்பிக்கை.

நாள்தோறும் செய்யவேண்டியவை

தாய்மார்களே, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையிலும், இரவு உறங்கும் முன்னரும் இரண்டு நிமிடம் பல் துலக்கவேண்டும். இரண்டில் இரவு துலக்குவதே முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் கிருமிகளுக்கு அது வேட்டை நேரம். மென்மையான பிரஷும் ஃபுளோரைடு சேர்ந்த பற்பசையும் போதும். விலையுயர்ந்தது தேவையில்லை. செங்கல் தூளும் கரித்தூளும் உப்பும் எனாமலைத் தேய்த்துவிடும், அவற்றைத் தவிர்க்கவும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். உடனே நீரால் பலமுறை கொப்பளித்தால் பற்பசையின் பயன் குறைந்துவிடும்.

மிஸ்வாக் பயன்படுத்துவோர் அதை விட்டுவிடவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அதை முறையாகச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஈரப்பதமுள்ள குச்சியாக இருக்கட்டும். நுனியை மென்று நாராக்கி, ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை பழைய நாரை வெட்டிப் புதுநார் எடுங்கள். மாதக்கணக்கில் சட்டைப் பையில் காய்ந்து கிடக்கும் குச்சியால் பயன் இல்லை. முன்பற்களோடு நிறுத்திவிடாமல் கடைவாய்ப் பற்களின் உட்புறத்திற்கும் கொண்டுசெல்லுங்கள். அங்கு குச்சி எளிதில் எட்டாது; ஆகவே இரவில் பிரஷும் தொழுகை வேளைகளில் மிஸ்வாக்கும் என்று இரண்டையும் கைக்கொள்வது சிறப்பு.

குழந்தைக்கு முதற்பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கிவிடவேண்டும். மூன்று வயதுக்குள் அரிசியளவு பற்பசை. ஆறு வயது வரை பட்டாணியளவு. பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடாதீர்கள். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதைப் பால் பல் என்று தவறாக எண்ணி, "விழப்போகிற பல்தானே" என்று சொத்தையோடு விட்டுவிடும் பெற்றோர் பலர். அது வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல். போனால் மீண்டும் வாராது.

குடிநீரைப் பற்றியும் ஒரு சொல். அளவான ஃபுளோரைடு பல்லைக் காக்கும். மிகுந்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும். அண்டையிலுள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இக்கேடு மிகுந்ததனால்தான் ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5 மில்லிகிராமுக்கு மேற்படின் குடிக்கத்தகாது. ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் வீட்டார், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அதைச் சோதித்துக்கொள்வது நலம்.

ரமளானில் பேரீச்சம்பழமும் சர்பத்தும் கொண்டு நோன்பு திறந்தபின், மஃரிபுக்கு முன் வாயை நன்கு கொப்பளியுங்கள். ஸஹர் உண்டபின் துலக்காமல் உறங்கச் செல்லாதீர்கள். நோன்பு நேரத்தில் பல் சிகிச்சை பற்றிய மார்க்க ஐயங்களை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படுவோர், பயணத்திற்கு இரண்டு மாதம் முன்னரே பற்களைச் சோதித்துச் செப்பனிட்டுக்கொள்ளுங்கள். மினாவின் கூடாரத்தில் பல் வலியோடு இரவைக் கழிப்பது எவ்வளவு பெரிய சோதனை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஜமாஅத்தின் முன் நான்கு வேண்டுகோள்கள்

ஒன்று: மக்தப் மதரஸாவில் கல்வியாண்டின் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளின் பற்களையும் சோதிக்க ஏற்பாடு செய்யவேண்டும். அந்நாளை எனக்கும் என் சக மருத்துவர்களுக்கும் அறிவித்தால் கட்டணமின்றி வந்து செய்து தருகிறோம்.

இரண்டு: ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை முகாம் நடத்தவேண்டும். அதில் பீடி சுற்றும் குடும்பத்தாரையும் ஆலைத் தொழிலாளரையும் முதலில் அழைக்கவேண்டும். முகாம் நடத்துவது எளிது; சந்தேகத்துக்குரியவரைப் பெரிய மருத்துவமனை வரை கொண்டுசேர்ப்பதே கடினம். ஒரு நாள் கூலி போய்விடுமே, பேருந்துக்குக் காசில்லையே, துணைக்கு ஆளில்லையே என்று பலர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். இளைஞர் அணியிலிருந்து துணைக்கு ஒருவரையும், பைத்துல்மாலிலிருந்து வழிச்செலவையும் அளிப்பது குறித்து, ஹஜ்ரத் அவர்களின் ஆலோசனையோடு கமிட்டி முடிவெடுக்கவேண்டும்.

மூன்று: நிகாஹ், வலீமா விருந்துகளில் பிரியாணிக்குப் பின் பீடாவும் பாக்குப் பொட்டலமும் வைப்பதைக் கைவிடுவோம். பெருஞ்சீரகமும் பழமும் வைத்தால் விருந்தின் சிறப்பு குறைந்துவிடாது. சிறுவர்கள் முதன்முதலாகப் பாக்கின் சுவையை அறிவது பெரும்பாலும் நம் விருந்துப் பந்தியில்தான்.

நான்கு: கசக்கலாம் என்று முன்னர் நான் சொன்னது இதுவே. நம் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகள் வாடகைக்கு விடப்பட்டுள்ளன. இனி ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, புகையிலைப் பொருளும் பாக்குப் பொட்டலமும் விற்பதில்லை என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்குமாறு கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரச் சகோதரர்களுக்கு வருமானம் குறையும் என்பதை நான் அறியாமல் இல்லை. அதை ஈடுசெய்ய முதல் ஓராண்டிற்கு வாடகை உயர்வை நிறுத்திவைப்பது போன்ற சலுகையைக் கமிட்டி பரிசீலிக்கலாம். உளூச் செய்து வாயைத் தூய்மையாக்கிக்கொண்டு தொழுகைக்கு நிற்கும் இடம் இது. அதன் கடையிலிருந்தே வாயைப் பாழாக்கும் பொருள் நம் பிள்ளைகளின் கைக்குச் சேர்வது நமக்கு ஒப்புமா என்பதை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இந்நான்கில் முதல் மூன்றை இன்றே தீர்மானமாக நிறைவேற்றிவிடலாம். நான்காவதற்குக் கடைக்காரர்களையும் அழைத்து அமர்த்திப் பேசி, அடுத்த செயற்குழுவில் முடிவு காணுங்கள். யார் மனமும் புண்படாமல் நன்மையை நிலைநாட்டுவதே ஜமாஅத்தின் அழகு.

உடலும் அதன் உறுப்புகளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பேணிக் காக்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக!